பச்சை எல்லாம் காடு அல்ல: பிரியோலுவின் மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்லாண்டிக் கடலின் நடுவே, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் சாவ் மிகேல் என்று ஒரு தீவு. அதன் கிழக்குக் கோடியில், பிக்கோ ட வாரா மலையை ஒட்டிய பகுதியில் மட்டும் பிரியோலு என்ற பறவை வாழ்கிறது. கருந்தலை, குட்டையான தடித்த அலகு, சாம்பல் பழுப்பு உடல். அதன் வீடு லாரல் காடு. நம் சமையலறைப் பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள், ஆண்டு முழுவதும் இலையோடு மேகத்தில் நனைந்து நிற்கும் காடு. 19ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு மரங்களின் மொட்டைத் தின்கிறது என்று இந்தப் பறவையைக் கொன்றார்கள். பிறகு காடும் சுருங்கியது.

இந்தக் காட்டை மீட்க இறங்குவோர் செய்யும் முதல் தவறு, கண்ணை நம்புவது. மலைச்சரிவு முழுவதும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி மரத்துக்காக நட்ட ஜப்பானிய சீடார், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிட்டோஸ்போரம், பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த இமயமலைக் காட்டு இஞ்சி. இந்த இஞ்சிதான் பெரிய தொல்லை. ஆளுயரம் வளரும். அடியில் கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னி, பாய் விரித்ததுபோல மண்ணை மூடிவிடும். லாரல் கன்று தலைகாட்ட இடமே இருக்காது. தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பினால், கிழங்கு மறுபடி தளிர்க்கும். பிடுங்கிய கிழங்கை ஓடையோரம் எறிந்தால், அதை வேறோர் இடத்துக்கு நாமே அனுப்பிவைத்ததாகிவிடும்.

அந்நியச் செடி என்றாலே ஒரே மூச்சில் அழிப்பது இதற்கு நேர் எதிரான தவறு. ஆர்வம் மிகுந்தவர்கள்தான் இதில் விழுவார்கள். கிளெத்ரா என்ற மரம் மதீரா தீவின் சொந்த மரம். அங்கே அது லாரல் காட்டின் பிள்ளை, இங்கே ஆக்கிரமிப்பாளர். ஆனால் நாட்டு மரங்கள் குறைந்துபோன சாவ் மிகேலில், குளிர்காலப் பசிக்குப் பிரியோலு அதன் விதையையும் உண்கிறது. பெரணி இலையின் அடியில் ஒட்டியிருக்கும் வித்துக் குவியலையும் தின்று காலம் தள்ளும் பறவை அது. கிளெத்ராவை ஒரே பருவத்தில் துடைத்தெடுத்தால் அதற்குச் சாப்பாடு எங்கே? பகுதி பகுதியாக அகற்றி, அந்த இடத்தில் அசோர்ஸ் ஹாலி போன்ற நாட்டு மரங்களை நட்டு, அவை மொட்டுவிடும்வரை காத்திருப்பதே சரியான வழி.

ஈரக்காடு எரியாது என்ற நினைப்பும் வேண்டாம். இதே போன்ற லாரல் காடான கேனரி தீவுகளின் கரஹோனாய் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி 2012இல் எரிந்தது.

பிரியோலுவின் நிலை தேறியிருப்பது உண்மை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் அது 2005இல் மிக அருகிய இனம்; 2010இல் அருகிய இனம்; 2016இல் ஆபத்து இன்னும் ஒரு படி குறைந்த நிலை. பட்டியலில் ஒரு படி இறங்கியதுமே களையெடுப்புக்கான பணத்தைக் குறைப்பது மிக எளிதாகச் செய்யக்கூடிய தவறு. இஞ்சியின் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. அதனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இஞ்சி பூத்துக்கொண்டிருக்கும் காலமெல்லாம், சுத்தம் செய்த சரிவுக்கும் ஆட்கள் மறுபடி மறுபடி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.