அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி ஸ்பிரிட்

அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இந்தப் பாட்டில் காலியானதே இல்லை. வேலியோர நொச்சியில் முற்றிய இலையாகப் பறித்து நிழலிலேயே உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அந்தக் காரவாசம் குறைந்துவிடும். 100 கிராம் சருகைக் கையால் நொறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத சர்ஜிக்கல் ஸ்பிரிட் 500 மில்லி ஊற்றி இறுக மூடுங்கள். 14 நாள் தினமும் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெளிச்சம் படாமல், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

முதல்முறை முன்கையில் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் பாருங்கள். அரித்தால் வேண்டாம். இரவில் ஒரு தேக்கரண்டி எடுத்து அம்மா முழங்காலில் தேய்த்துவிடுவேன். இதமாக இருக்கிறது என்கிறாள். மூட்டு வீங்கிச் சிவந்தால் டாக்டரிடம்தான் போவோம். புண்ணில் தடவாதீர்கள். ஒரு சொட்டுகூடக் குடிக்கக்கூடாது, அந்த ஸ்பிரிட் விஷம்.