குட்டை, குவியல், ஹாப்பர்: பிரமிடு கணக்கு எங்கே பிசகுகிறது

அடிப்பரப்பு × உயரம் ÷ 3. பிரமிடின் கன அளவுக்குச் சூத்திரம் இவ்வளவுதான். இதைத் தெரிந்தவர்களும் விடையைக் கோட்டை விடுவது மூன்று இடங்களில்: எதை உயரம் என்று எடுப்பது, எதை அடி என்று எடுப்பது, கண்ணெதிரே இருக்கும் வடிவம் உண்மையில் பிரமிடுதானா என்று பார்ப்பது. தேர்வுத்தாளில் பிசகினால் இரண்டு மதிப்பெண் போகும். பல்லடத்திலோ காங்கேயத்திலோ காட்டுக்குள் பண்ணைக்குட்டை வெட்டும்போதும், நாமக்கல் பக்கம் தீவன ஆலைக்கு ஹாப்பர் (மேலே அகன்று கீழே குறுகிய, புனல் போன்ற தொட்டி) அடிக்கும்போதும் பிசகினால் போவது பணம்.

சாயுயரம் உயரமாகாது

அதிகம் பேர் விழும் குழி இது. சதுர அடியுள்ள பிரமிடு ஒன்று, பக்கம் 6 மீட்டர். உச்சியிலிருந்து ஒரு பக்கத்தின் நடுப்புள்ளிக்கு டேப் போட்டால் 5 மீட்டர் வருகிறது. உடனே 36 × 5 ÷ 3 = 60 கனமீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அந்த 5 மீட்டர் சாய்ந்த முகத்தின் மேல் ஓடிய நீளம், அதாவது சாயுயரம். நமக்கு வேண்டியது உச்சியிலிருந்து அடித்தளத்துக்குத் தூக்குக்குண்டு விட்டால் வரும் நீளம். பிதாகரஸ் தேற்றப்படி 25 − 9 = 16, அதன் வர்க்கமூலம் 4. சரியான விடை 36 × 4 ÷ 3 = 48 கனமீட்டர். முதல் விடையில் கால்பங்கு அதிகம்.

தேற்றம் தெரிந்தவர்கள் விழும் குழி இதற்கு அடுத்து இருக்கிறது. டேப்பை பக்கத்தின் நடுவுக்குப் பிடிக்காமல் மூலைக்குப் பிடிப்பார்கள். மூலைக்கு வரும் நீளம் √34, ஏறக்குறைய 5.83 மீட்டர். இதிலிருந்து பாதிப் பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 34 − 9 = 25, உயரம் 5 என்று வரும். மறுபடியும் அதே 60 கனமீட்டர். இது தற்செயல் இல்லை. மூலை விளிம்பையும் பாதிப் பக்கத்தையும் சேர்த்தால் கிடைக்கும் செங்கோண முக்கோணம் சாய்ந்த முகத்திலேயே கிடக்கிறது, ஆகவே அது சாயுயரத்தைத்தான் திருப்பித் தரும். மூலைக்கு அளந்தால் கழிக்க வேண்டியது பாதி மூலைவிட்டத்தின் வர்க்கம்: 34 − 18 = 16, உயரம் 4.

அளவு பெரிதானாலும் பிசகின் விகிதம் சிறியதாகிவிடாது. கிசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கம் சுமார் 230 மீட்டர், கட்டிய காலத்து உயரம் சுமார் 146.6 மீட்டர். கன அளவு ஏறக்குறைய 26 லட்சம் கனமீட்டர். சாயுயரமான 186 மீட்டரைப் போட்டுப் பாருங்கள், 33 லட்சத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

பள்ளியில் அட்டை மாதிரி செய்து காட்டும்போதும் இதே பிசகு ஒளிந்துகொண்டு வரும். பக்கம் 10 செ.மீ. உள்ள கனச்சதுரப் பெட்டி ஒன்று, அதே அடியும் அதே உயரமும் உள்ள பிரமிடு ஒன்று. பிரமிடில் கம்பையோ ராகியையோ நிரப்பிப் பெட்டியில் கொட்டினால் மூன்று முறையில் நிரம்ப வேண்டும். பலருக்கு மூன்றரை முறை ஆகும். 'ஏதோ இடைவெளி விட்டுப்போச்சு' என்று சமாளித்துவிடுவார்கள். உண்மைக் காரணம் வேறு. நான்கு முக்கோணங்களையும் 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள். அவற்றை மடக்கி ஒட்டினால் பிரமிடு நிமிர்ந்து நிற்பது 8.66 செ.மீ. மட்டுமே, பெட்டி நிரம்ப 3.46 முறை தேவை. முக்கோணத்தை 11.2 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், கணக்கு மூன்றில் வந்து நிற்கும்.

உச்சி நடுவில் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால்? சூத்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. தூக்குக்குண்டு அடிப்பரப்புக்கு வெளியே போய் விழுந்தாலும் அந்தச் செங்குத்து நீளம்தான் உயரம்.

ஏன் மூன்று, ஏன் இரண்டு இல்லை

முக்கோணத்தின் பரப்புக்குப் பாதி என்று பழகிய கை, பிரமிடுக்கும் பாதி போடத் துடிக்கும். இதற்காக மாணவர்களைத் திட்ட வேண்டாம். 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில், ஆறு விளிம்புள்ள முக்கோணப் பிரமிடுக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி எடுக்கச் சொல்லும் சூத்திரம் இருக்கிறது. 628இல் பிரம்மகுப்தர் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று சரியாகக் கொடுத்தார்.

மூன்று எங்கிருந்து வருகிறது என்பதைக் காகிதம் இல்லாமலே பார்க்கலாம். ஒரு கனச்சதுரத்தின் மையப்புள்ளியை எட்டு மூலைகளோடும் இணையுங்கள். ஆறு முகத்துக்கும் ஒன்றாக, ஒரே மாதிரி ஆறு பிரமிடு கிடைக்கும். ஒவ்வொன்றும் கனச்சதுரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொன்றின் உயரமும் பக்கத்தில் பாதி. அடிப்பரப்பை அந்தப் பாதி உயரத்தால் பெருக்கினால் கனச்சதுரத்தில் பாதி வரும். பாதியிலிருந்து ஆறில் ஒன்றுக்கு இறங்க மூன்றால் வகுக்க வேண்டும்.

அடி முக்கோணமாக இருந்தால் இரண்டும் வேண்டும்: முக்கோணப் பரப்புக்கு ஒரு பாதி, பிரமிடுக்கு மூன்றில் ஒன்று, சேர்ந்து ஆறில் ஒன்று. இதில் ஏதோ ஒன்றை விடுவது வழக்கம். மூன்றால் வகுப்பதற்குப் பதில் 0.33ஆல் பெருக்குவது இன்னொரு வழக்கம். நூற்றுக்கு ஒன்று அங்கேயே கழன்றுவிடும். கடைசியில் ஒரே தடவை மூன்றால் வகுத்தால் போதும்.

முகடு உள்ள குவியல் பிரமிடு இல்லை

டிப்பர் ஒரே இடத்தில் கொட்டினால் குவியல் கிட்டத்தட்ட கூம்பு. நகர்ந்துகொண்டே கொட்டினால் ஓட்டு வீட்டுக் கூரைபோல மேலே நீளமான முகடு விழும். இதை 'அடி செவ்வகம், மேலே கூர்' என்று பார்த்து மூன்றால் வகுப்பவர்கள் உண்டு. வேறு சிலர் பாதி போடுவார்கள். இரண்டும் தப்பு.

எம்-சாண்ட் குவியல் ஒன்று, அடி 6 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 1 மீட்டர், முகடு 3 மீட்டர் நீளம் என்று வையுங்கள். முகட்டுக்கு நேர்கீழே இருக்கும் நடுப்பகுதி முக்கோணப் பட்டகம்; அதற்குப் பாதி: 3 × 3 × 1 ÷ 2 = 4.5. இரண்டு முனைகளையும் வெட்டி ஒட்டினால் 3 × 3 அடியுள்ள முழுப் பிரமிடு ஒன்று; அதற்கு மூன்றில் ஒன்று: 3 × 3 × 1 ÷ 3 = 3. மொத்தம் 7.5 கனமீட்டர். முழுவதையும் மூன்றால் வகுத்திருந்தால் 6, பாதி போட்டிருந்தால் 9. வாங்குபவர் ஒன்றையும் விற்பவர் மற்றதையும் சொல்வார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குவியலின் உயரத்தைக் குச்சி குத்திப் பார்ப்பது நம்பத்தக்கதில்லை, குச்சி தரைக்குள்ளும் போகும். குவியலுக்கு இருபுறமும் கம்பு நட்டு, உச்சியைத் தொடும்படி நூல் கட்டி, டியூப் லெவலால் மட்டம் பார்த்து, நூலிலிருந்து தரைக்கு அளப்பதே சரி.

குட்டையும் ஹாப்பரும்: நுனி வெட்டிய பிரமிடு

கொங்கு நாட்டில் பிரமிடு கணக்கு அதிகம் உதவுவது இங்கேதான், அதிகம் பிசகுவதும் இங்கேதான். கரை சரியாமல் இருக்கப் பண்ணைக்குட்டையின் நான்கு பக்கமும் சரிவாக வெட்டுவார்கள். தலைகீழாக வைத்த பிரமிடின் நுனியை வெட்டியது போன்ற வடிவம். பள்ளிப் புத்தகத்தில் கூம்புக்குச் சொல்லும் இடைக்கண்டத்தின் உறவுக்காரன்.

மேல்வாய் 40 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு ஒன்றுக்கு ஒன்று. ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு மீட்டர் உள்வாங்கும். முதல் பிசகு இங்கேயே. அடி 37க்கு 7 என்று எழுதுவார்கள். உள்வாங்கல் இரண்டு கரையிலும் உண்டு. ஆகவே ஒவ்வொரு அளவிலும் 6 மீட்டர் குறையும். அடி 34க்கு 4. இந்த ஒரு பிசகே கன அளவை 786இலிருந்து 984 கனமீட்டருக்கு ஏற்றிவிடும்.

இரண்டாவது, ஆழம். டேப்பைச் சரிவில் படுக்க வைத்தால் 4.24 மீட்டர் காட்டும். சாயுயரக் கதையேதான், ஆனால் இங்கே 41 சதவீதம் கூடுதல்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம். மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 136 சதுரமீட்டர். இரண்டின் சராசரியை ஆழத்தால் பெருக்கினால் 804 கனமீட்டர். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அது அதிகம். நீள அகலங்களின் சராசரியை எடுத்து, அதாவது நடு ஆழத்துச் செவ்வகம் 37 × 7 என்று கொண்டு, ஆழத்தால் பெருக்கினால் 777. அது குறைவு. சரியான விடை இரண்டுக்கும் நடுவே, 777க்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரம்மகுப்தர் குழிக் கணக்குக்குச் சொன்ன வழி இதற்கு அப்படியே பொருந்தும்: பெரியதிலிருந்து சிறியதைக் கழி, மூன்றால் வகு, சிறியதோடு கூட்டு. 804 − 777 = 27, மூன்றில் ஒன்று 9, ஆக 786 கனமீட்டர். அதாவது 7 லட்சத்து 86 ஆயிரம் லிட்டர்.

சோதித்துப் பார்க்கச் சிறிய எண் வேண்டுமென்றால் எகிப்தின் பழைய கணக்குச் சுவடியான மாஸ்கோ பாப்பிரஸில் இருக்கிறது, கி.மு. 1850ஐ ஒட்டியது. அடிப்பக்கம் 4, மேற்பக்கம் 2, உயரம் 6. அதில் விடை 56. நம் வழியில் பரப்புச் சராசரி 60 தரும், பக்கச் சராசரி 54 தரும்; 54 + 2 = 56.

இடைக்கண்டத்துக்கு வர்க்கமூலச் சூத்திரம் ஒன்றும் உண்டு: உயரம் ÷ 3 × (மேற்பரப்பு + அடிப்பரப்பு + இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலம்). மேலும் கீழும் வடிவொத்தவையாக இருந்தால் அது துல்லியம். நம் குட்டையில் மேலே நீளம் அகலத்தைப் போல 4 மடங்கு, கீழே எட்டரை மடங்கு. நான்கு விளிம்புகளையும் கீழே நீட்டினாலும் ஒரு புள்ளியில் கூடாது. அங்கே அதைப் போட்டால் 769தான் வரும், குறைவு என்று சொன்ன 777ஐவிடவும் குறைவு. விட்டுப்போகும் 17 கனமீட்டர் மண் ஏறக்குறைய 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). சூத்திரம் சரிதான், அது இந்த வடிவத்துக்கு எழுதப்பட்டதில்லை.

மேலும், இந்த 786 குழியின் அளவு. வெட்டிய மண் பொலபொலத்துப் போவதால் டிப்பரில் ஏறும்போது கூடும். லோடு கணக்கையும் குழிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை. எதன்மேல் கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

ஹாப்பரில் சராசரி போட்டால் அடி இன்னும் பலமாக விழும், ஏனென்றால் வாய் அகலம், கீழ்த்துவாரம் சின்னது. மேலே 2 மீட்டர் சதுரம், கீழே 30 செ.மீ. சதுரம், உயரம் 1.5 மீட்டர். பரப்புச் சராசரிப்படி 3.07 கனமீட்டர். கூராக முடிகிறது என்று மூன்றால் வகுத்தால் 2.0. சரியானது 2.345 கனமீட்டர், இங்கே மேலும் கீழும் சதுரம் என்பதால் வர்க்கமூலச் சூத்திரமும் இதையே தரும். எத்தனை கிலோ கொள்ளும் என்பதற்கு ஒரு கன அடிப் பெட்டியில் அந்த ஆலையின் தீவனத்தையே நிரப்பி எடை போடுங்கள். மாவுத் தீவனமும் குருணைத் தீவனமும் ஒரே எடை நிற்காது.

அலகு

5 அடி 10 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 5.10 என்று தட்டுவது மிகப் பழைய வியாதி. அது 5.83. பக்கம் வர்க்கமாவதால் அடிப்பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு காணாமல் போகும். கன செ.மீட்டரைக் கனமீட்டராக்க 100ஆல் வகுப்பது அடுத்தது. வகுக்க வேண்டியது 10 லட்சத்தால். ஒரு கனமீட்டர் 35.3 கன அடி, 100 கன அடி ஒரு யூனிட். பக்கத்தை மீட்டரிலும் உயரத்தை அடியிலும் வைத்துப் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பெயரே கிடையாது.

பாதி ஆழம், பாதித் தண்ணீர்?

கூராக முடியும் வடிவத்தைத் தலைகீழாக வைத்துப் பாதி உயரத்துக்கு நிரப்பினால் இருப்பது முழுக் கொள்ளளவில் எட்டில் ஒன்று: நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியாகின்றன. மேலே சொன்ன ஹாப்பரில் நுனி வெட்டியிருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை, பாதி உயரத்தில் 0.44 கனமீட்டர், ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. குட்டையில் தண்ணீர் ஒன்றரை மீட்டர் நின்றால் தண்ணீரின் மேற்பரப்பு 37 × 7, அடி 34 × 4 என்று போட்டுப் பார்க்க வேண்டும். 294 கனமீட்டர் வரும், மொத்தத்தில் 37 சதவீதம். குட்டையில் அளவுகோல் கம்பம் நடுவதாக இருந்தால் அதில் மீட்டருக்குப் பதில் கனமீட்டரையே கணக்குப் போட்டு எழுதிவிடலாம். கோடுகள் கீழே தள்ளித்தள்ளியும் மேலே போகப்போக நெருங்கியும் விழும்.