மலையில் மாட்டிக்கொண்டால் எப்போது போன் போடுவது?

ட்ரெக்கிங் போன இடத்தில் ஒருவருக்குக் கால் பிசகினால், "கொஞ்சம் உட்காருவோம், சரியாகிவிடும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உட்காருங்கள், ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உதவி என்றால் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் ஊர்க்காரர்களும் பெரும்பாலும் நடந்தே ஏறி வந்து டோலி கட்டித் தூக்கிப் போவதுதான். 2018 மார்ச்சில் குரங்கணி தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர் வந்தும்கூட, காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியதில் உள்ளூர்க்காரர்கள் பங்கு பெரியது.

அதனால் இருட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நீங்கள் ஏற 3 மணி நேரம் ஆனதென்றால் அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான், டோலியோடு இறங்க இன்னும் கூடும், ஆறரைக்கு இருட்டிவிடும், அப்புறம் யானையும் காட்டுமாடும் நடமாடும் நேரம். அப்படியானால் மதியம் 12 மணிக்குள் போன் போயிருக்க வேண்டும். வலி தாங்குகிறதா என்பதல்ல கேள்வி. அரை மணி ஓய்வுக்குப் பிறகு தானாக எழுந்து நடக்கிறாரா? இல்லையென்றால் கூப்பிடுங்கள்.

சிலவற்றுக்கு அந்த அரை மணியும் கிடையாது. நெஞ்சுவலி, தலையில் அடிபட்டு வாந்தி, வெயிலில் பேச்சு குழறுவது, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மந்தமாவது. பாம்புக்கடியும் அப்படித்தான், வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே போகலாம். கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்டவரை அசையாமல் வைத்திருங்கள்.

வழி தவறினால் உடனே பதற வேண்டாம். தெரிந்த இடம் வரை ஒருமுறை திரும்பி நடந்து பாருங்கள், கிடைக்கவில்லையா, அங்கேயே நின்று கூப்பிடுங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்று நம்பிப் போகிறவர்கள் அருவி உச்சியில் போய் நிற்பார்கள்.

கூப்பிட 112. உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் போக வாய்ப்புண்டு. ஜிபிஎஸ்ஸுக்கு போன் சிக்னலே தேவையில்லை, அது காட்டும் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்து வீட்டுக்கோ ரேஞ்சர் ஆபீஸுக்கோ எஸ்எம்எஸ் அனுப்புங்கள், பேச்சு போகாத இடத்திலும் அது சில சமயம் போய்விடும். சாட்டிலைட் போனை நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம், அந்த யோசனையை விடுங்கள். ஒரு விசில் போதும், நிமிடத்துக்கு 6 முறை ஊதுங்கள்.

அனுமதி வாங்காமல் ஏறியவர்கள் அபராதத்துக்குப் பயந்து கடைசிவரை போனை எடுக்க மாட்டார்கள். பல தாமதங்களுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அபராதத்தைக் கட்டிக்கொள்ளலாம், முதலில் கூப்பிடுங்கள். நடுவில் நிலைமை தேறி நீங்களே இறங்கிவிட்டால் அதையும் போன் செய்து சொல்லிவிடுங்கள், அவர்கள் இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.