ஜாஸ் ராக் சிங்கிள்: ஒன்றாக வாசித்துப் பதிந்து வெளியிடுவது எப்படி

ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ராக் இசையை ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிந்தால் பாட்டில் உயிர் இருக்காது. சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பவர் ஒரு தாளக்கட்டை வாசிக்கத் தொடங்கினால் டிரம்மர் அந்தக் கணமே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்றே பதிந்து முடித்த டிரம்ஸ் யாருக்கும் பதில் சொல்லாது. எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஆனால் பிறகு வெட்டி ஒட்டவும் வழி இருக்க வேண்டும். கிட்டாரின் சத்தம் டிரம்ஸ் மைக்கில் கசிந்திருந்தால், தவறிப்போன சோலோவை மாற்றவே முடியாது. பழைய சோலோ பின்னணியில் ஆவி போல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தீர்வு எளிது. டிரம்ஸ் இருக்கும் அறையில் டிரம்ஸ் மைக்குகள் மட்டும் திறந்திருக்கட்டும். பேஸ் கிட்டாரும் மின்பியானோவும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மைக் இல்லாமலே பதிவுக் கருவிக்குக் கொண்டுபோகும் பெட்டி) வழியாக நேராக உள்ளே போகட்டும். கிட்டார் ஆம்பை (ஒலிபெருக்கியை) அடுத்த அறையில் வைத்து, கிட்டாரிஸ்ட் மட்டும் டிரம்மரின் முகம் தெரியும்படி நிற்கட்டும். எல்லோருக்கும் மூடிய வகை ஹெட்போன். சாக்ஸபோன் இருந்தால் அதற்குத் தனி அறை வேண்டும்.

டிரம்ஸுக்கு நான்கு மைக் போதும்: கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (நடுவிலிருக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) இரண்டுக்கும் ஒவ்வொன்று, மேலிருந்து பிடிக்கும் இரண்டு ஓவர்ஹெட். ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து, இரு ஓவர்ஹெட்டுகளும் ஒரே தொலைவில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். ஒலி 1 மில்லி வினாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது, ஒரு கை நீளம் பிசகினாலே ஸ்னேரின் கனம் போய்விடும். பிறகு மோனோவில் (எல்லா ஒலியையும் ஒரே தடமாக்கி) கேட்டபடி கிக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கி, பாருங்கள். அடிநாதம் எதில் கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

மின்பியானோவை அங்கேயே சுருதி சேர்ப்பது பெரிய வேலை. அதனால் மற்றவர்கள் அதற்கு ஏற்பத் தங்கள் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளட்டும், டேக்குக்கு டேக் (ஒவ்வொரு முறை பாட்டை வாசித்துப் பதியும்போதும்) சரிபார்க்கட்டும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். லெவல் வைக்கும்போது பாட்டின் உச்சக்கட்டத்தை வாசிக்கச் சொல்லுங்கள், தொடக்கத்தை அல்ல. அங்கே அளவி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக் கூடாது. சூடு பிடித்ததும் டிரம்மர் சோதனையில் அடித்ததைவிட பலமாகத்தான் அடிப்பார்.

க்ளிக் (ஹெட்போனில் ஒலிக்கும் தாளத் தட்டு) வைப்பதா? நீண்ட சோலோ முழுக்க க்ளிக்கைப் பிடித்து ஓடினால் வாசிப்பு விறைத்துப்போகும். தொடங்கும் முன் 4 பார் (தாளச் சுற்று) மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவது நல்லது. 7/8 தாளத்தில் (ஒரு பாரில் ஏழு அரைக்கால் நோட்டு) கால் நோட்டுக்கு ஒரு தட்டு என்று வைத்தால், ஒரு பார் விட்டு ஒரு பாரில் தட்டு எதிரடியில் விழுந்து எல்லோரையும் குழப்பும். 2+2+3 என்று பிரித்து, பாரின் முதலடிக்கு மட்டும் வேறு ஒலி வையுங்கள்.

டேக்குகள் 4 அல்லது 5 போதும். அதற்கு மேல் சோலோவில் புதுமை வற்றிவிடும். டேக்குகளின் வேகம் நிமிடத்துக்கு 2 தாள அடிக்கு மேல் வேறுபட்டால் ஒட்டு காதில் தட்டும்.

வெட்டும் இடத்தைப் பதிவுக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். 7 நிமிட வாசிப்பை 4 நிமிட சிங்கிளாக (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டாக) ஆக்க வேண்டும் என்றால், சோலோவின் நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு கிராஷ் (உரத்த சிம்பல் அடி) அடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராஷுக்குச் சற்று முன்னால், எல்லா டிராக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து வெட்டி, 10 முதல் 20 மில்லி வினாடி கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க மற்றது எழும் இணைப்பு) கொடுத்தால், முந்தைய சிம்பல் அறுபடுவது புது கிராஷில் மறைந்துவிடும். அமைதியான இடத்தில் வெட்டினால் சிம்பலின் வால் திடீரென்று மாயமாவது யார் காதுக்கும் தெரியும்.

மிக்ஸில் கிட்டாரும் மின்பியானோவும் 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆளுக்கொரு பக்கம் நகர்த்தி, சோலோ வாசிக்காததில் அந்தப் பகுதியை 2 டெசிபல் குறையுங்கள். மாஸ்டரிங்கில் (இறுதி மெருகேற்றலில்) லிமிட்டரால் (ஒலியின் உச்சங்களை அடக்கும் கருவியால்) பாட்டை நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குப் பாட்டுகளைச் சமன் செய்கிறது. அதைவிட உரக்க அனுப்பினால் ஒலியைக் குறைத்துவிடும். நசுங்கிய டிரம்ஸ் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபலுக்குள் நிற்கட்டும்.

பாட்டை ஏற்றும் முன், மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். சோலோ வாசித்தவர் மெட்டிலும் பங்கு கேட்பது பெரும்பாலும் பாட்டு வெளிவந்த பிறகுதான். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் (பதிவை அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு) வேண்டும். சுருக்கிய வடிவுக்கும் முழு வடிவுக்கும் வேறு வேறு எண். அட்டைப்படம் 3000 க்கு 3000 பிக்சல் சதுரம். பாட்டை இணைய இசைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்துக்கு 4 வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பாட்டு வெளிவந்த பின் அந்த வாய்ப்பு கிடையாது.