லேட் நைட் ஷோ சோபாவில் பிரபலங்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவில் இரவு 11:35க்கு ஒளிபரப்பாகும் லேட் நைட் ஷோக்கள் என்ற பேட்டி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அன்று மாலையே, ஐந்து ஐந்தரை மணிவாக்கில், அரங்கம் நிறைய ஆட்களை வைத்துப் படம்பிடிக்கப்படுகின்றன. தொகுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் மின்னும் நகரத்து இரவு வெறும் செட். தூக்கம் வராத நேரத்தில் இரண்டு பேர் சாவகாசமாகப் பேசிக்கொள்வதுபோல் தெரியும் உரையாடலும் அப்படித்தான். சில நாள் முன்பே பேசி, குறித்து, வரிசைப்படுத்தி வைத்தது அது.

பல வருடங்களாக இந்த நிகழ்ச்சிகளின் பழைய பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். நன்றாகப் பேசியவர்களைவிடச் சொதப்பியவர்களிடமிருந்துதான் அதிகம் புரிந்தது. வந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் உள்ளே நுழைவதுதான் ஏறக்குறைய எல்லாத் தவறுகளுக்கும் வேர். ஸ்டீவ் ஆலன் 1954இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'டுநைட் ஷோ'வைத் தொடங்கினார். ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது வருடம் அதை நடத்தினார். இன்றுவரை மேசை, சோபா, இசைக்குழு என்ற அமைப்பு பெரிதாக மாறவில்லை. அந்த வீட்டுக்காரர் தொகுப்பாளர். வருகிறவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் ஆறேழு நிமிட விருந்தாளி.

முன்பேட்டியை அலட்சியப்படுத்துவது

"நீங்க ஆடு வளர்க்கிறீங்களாமே?" என்று தொகுப்பாளர் கேட்கிறார் என்று வையுங்கள். அந்த 'ஆமே'க்குள் ஒரு முழு வேலை ஒளிந்திருக்கிறது. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு செக்மென்ட் புரொடியூசர் ஒருவர் விருந்தினருக்கு போன் செய்து பேசுகிறார். சமீபத்தில் எங்கே போனீர்கள், படப்பிடிப்பில் என்ன கூத்து நடந்தது, வீட்டில் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று நீளமாக விசாரிப்பார். அதிலிருந்து நான்கைந்து கதைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கேள்வி கேட்டால் அந்தக் கதை வெளியே வரும் என்று எழுதித் தருவார். தொகுப்பாளரின் மேசைமேல் இருக்கும் அட்டைகளில் இருப்பது அதுதான்.

இந்த போன் பேச்சுதான் உண்மையான பேட்டி. மேடையில் நடப்பது அதன் அரங்கேற்றம். ஆனால் பலர் இதைக் காரில் போகும்போது, வேறு ஏதோ யோசனையில், அரை மனதோடு பேசி முடிக்கிறார்கள். சிலர் தங்கள் பி.ஆர்.ஓ.விடமே போனைக் கொடுத்துவிடுகிறார்கள். பி.ஆர்.ஓ. சொல்கிற கதையில் படத்தின் பெயர் மூன்று முறை வரும், மனிதர் ஒருமுறைகூட வரமாட்டார். இன்னும் சிலர் அதே வாரம் வேறொரு சேனலில் சொன்ன கதையையே இங்கும் தருகிறார்கள். முன்பெல்லாம் அது ஓரளவு மறைந்துபோகும். இப்போது இரண்டு கிளிப்பும் யூடியூபில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒரே சிரிப்பு, ஒரே தயக்கம், ஒரே கையசைவு. பார்க்கிறவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் மிஞ்சும்.

மேடைக்கு வந்தபிறகு வேறு வகைத் தவறுகள் ஆரம்பிக்கும். ஆடு பற்றிய கேள்விக்கு "ஆமாம், வளர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர் உண்டு. தொகுப்பாளருக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அதை அவர் சொல்லக் கூடாது, விருந்தினர்தான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நொடி மௌனத்தில் தொகுப்பாளரின் கண் அட்டைக்குத் தாவுவதைக் கவனித்துப் பாருங்கள், பாவமாக இருக்கும். எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. ஆடு வாங்கிய சந்தை, விற்றவரின் குடும்பம், போன வழி என்று ஆரம்பித்து, ஆடு வந்து சேர்வதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும்.

கதையின் கடைசி வரி எதுவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வரிக்குத் தேவையில்லாத ஆள், ஊர், தேதி எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் மூன்று கதைகள் கைவசம் இருந்தால் போதும். அதற்காக மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிக்கவும் கூடாது. தொகுப்பாளர் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொன்னால், ஒப்பிக்கிறவர் அங்கேயே தடுக்கி விழுவார். அவர் குறுக்கிடுவது மரியாதைக் குறைவால் நடப்பதுமில்லை. கதை தொய்கிறது என்று அரங்கத்தின் மூச்சை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். தூக்கி நிறுத்தத்தான் கை கொடுக்கிறார்.

விற்க வந்ததை மறக்க முடியாமல் தவிப்பது

எல்லோரும் ஏதோ ஒன்றின் புரமோஷனுக்காகத்தான் வருகிறார்கள். பார்ப்பவருக்கும் இது தெரியும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் கேட்காத இடத்திலெல்லாம் படத்தைச் செருகுவதும், கிளிப் போடுவதற்கு முன் முழுக்கதையையும் சொல்லிவிடுவதும் அந்த நல்லெண்ணத்தைக் கரைத்துவிடும். கிளிப்புக்கு முன்னுரை ஒரே வாக்கியம் போதும்: "இவள் என் அக்கா, நான் திருடியது அவளுக்கு இப்போதுதான் தெரியவருகிறது." இயக்குநர் அற்புதமானவர், சக நடிகர்கள் குடும்பம் மாதிரி என்கிற பாராட்டுப் பத்திரம் வாசிப்பதும் இந்த வகைதான். உண்மையாகவே இருந்தாலும் காதில் ஏறாது.

இதற்கு நேர்மாறான ஒரு பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும். 1981இல் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், எழுபதைத் தாண்டிய வயதில், கார்சன் முன்னால் உட்கார்ந்து, இறந்துபோன தன் நாயைப் பற்றித் தானே எழுதிய ஒரு கவிதையை வாசித்தார். ஆரம்பத்தில் அரங்கம் சிரிக்கிறது. வாசிக்க வாசிக்கச் சிரிப்பு அடங்குகிறது. முடியும்போது கார்சன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். விற்பதற்கு அதில் எதுவுமே இல்லை. நாற்பது வருடம் கடந்தும் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

சங்கடமான விஷயத்துக்கு ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்யாமல் வருவது

ஊரே பேசும் ஒரு சம்பவம் தலைக்குமேல் தொங்கும்போது அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசலாம் என்று நினைப்பது வீண். 1995 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் பிரிட்டிஷ் நடிகர் ஹ்யூ கிராண்ட், பொது இடத்தில் ஒரு பாலியல் தொழிலாளியோடு இருந்ததற்காகக் கைதானார். இரண்டே வாரத்தில், ஜூலை 10 அன்று, ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி, கார்சனுக்குப் பின் 'டுநைட் ஷோ'வை நடத்திய ஜே லெனோவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். தலைமறைவாகிவிடுவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். என்ன நினைத்து அப்படிச் செய்தீர்கள் என்று லெனோ எடுத்த எடுப்பில் கேட்டார். வாழ்க்கையில் எது நல்லது, எது கெட்டது என்று மனிதனுக்குத் தெரியும், நான் கெட்டதைச் செய்தேன், அவ்வளவுதான் என்ற பொருளில் கிராண்ட் பதில் சொன்னார். மன அழுத்தம், சூழ்நிலை என்று எந்தச் சாக்கும் இல்லை. அன்று பார்வையாளர் எண்ணிக்கையில் லெனோ தன் போட்டியாளரான டேவிட் லெட்டர்மேனை முந்தினார். கிராண்டின் தொழிலும் தப்பியது.

பில் கிளிண்டன் இதை இன்னொரு விதமாகச் செய்தார். 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பதினைந்து நிமிடம் பேச வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று நிமிடம் பேசி நாடு முழுவதும் கேலிக்கு ஆளானார். அதே மாதம் கார்சன் நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சன் வேண்டுமென்றே நீட்டி முழக்கி அவரை அறிமுகப்படுத்தினார். கிளிண்டன் உட்கார்ந்ததும் கார்சன் மேசைமேல் ஒரு மணல் கடிகாரத்தை எடுத்து வைத்தார். கிளிண்டன் சேர்ந்து சிரித்தார், பிறகு சாக்ஸபோன் வாசித்தார். கேலியை அரங்கத்தோடு சேர்ந்து அனுபவிக்கிற மனிதரை அதே கேலியால் மறுபடி காயப்படுத்த முடியாது.

2007இல் பாரிஸ் ஹில்டன் லெட்டர்மேனிடம் வந்தது இதற்கு எதிர் உதாரணம். சில மாதங்களுக்கு முன் அவர் சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தார். லெட்டர்மேன் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் அதைத் தாண்டி வந்துவிட்டதாகச் சொல்லி நழுவப் பார்த்தார். லெட்டர்மேன் அன்று கடுமையாகத்தான் நடந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் விருந்தினர் கையில் நேர்மையான ஒரே ஒரு வாக்கியம் இருந்திருந்தால் மூன்றாவது கேள்வியோடு விஷயம் முடிந்திருக்கும். மறுக்க மறுக்கத்தான் அது வளர்ந்தது.

ஒரு எல்லையும் உண்டு. சிரிப்புக்காகக் கூடியிருக்கும் அரங்கம் கனமான மன்னிப்புகளைத் தாங்காது. 2006 நவம்பரில் நடிகர் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் ஒரு காமெடி கிளப் மேடையில் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசியதற்காக, லெட்டர்மேன் நிகழ்ச்சியில் செயற்கைக்கோள் வழியாக மன்னிப்புக் கேட்டார். கூட்டம் அது நகைச்சுவையோ என்று சிரிக்க ஆரம்பித்தது. அன்று விருந்தினராக வந்திருந்த நகைச்சுவையாளர் ஜெரி சைன்ஃபெல்ட், சிரிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மன்னிப்பு போக வேண்டியது காயப்பட்டவர்களிடம். போய்ச் சேர்ந்ததோ வேறொரு வாசலில்.

விபரீத சோதனைகள்

வித்தியாசமாக ஏதாவது செய்து பேசப்பட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு வந்துவிடுகிறது. 1987இல் நடிகர் கிரிஸ்பின் குளோவர் விக்கும் உயரமான பூட்ஸுமாக வந்து, லெட்டர்மேனின் முகத்துக்குப் பக்கத்தில் காலை வீசினார். லெட்டர்மேன் எழுந்தே போய்விட்டார். 2009 பிப்ரவரியில் நடிகர் வாக்கின் ஃபீனிக்ஸ் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, சூயிங் கம் மென்றபடி, ஒற்றைச் சொற்களில் முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்று நீங்கள் வர முடியாமல் போனது வருத்தம்" என்று லெட்டர்மேன் முடித்துவைத்தார். அதெல்லாம் ஒரு படத்துக்காகப் போட்ட வேஷம் என்று பிறகு தெரிந்தது; 2010 செப்டம்பரில் அவர் தாடி மழித்து அதே சோபாவுக்குத் திரும்பி வந்து விளக்கம் சொன்னார். அவர் அன்று பேச வந்த வேறொரு படம் இருந்ததே, அதை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா?

நகைச்சுவையாளர் ஆன்டி காஃப்மேன் 1982இல் மல்யுத்த வீரர் ஜெரி லாலரிடம் அதே லெட்டர்மேன் முன்னால் அறை வாங்கியதைப் பலரும் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். அது இருவரும் பேசி வைத்து ஆடிய ஆட்டம். பத்து வருடத்துக்கு மேல் அந்த ரகசியம் வெளியே வரவில்லை. எந்த நொடியில் என்ன நடக்கும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறுமனே குழப்புகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு இருப்பதில்லை.

கடைசி நேரத்தில் வராமல் இருப்பது

உடம்பு சரியில்லை என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பொய்தான் பிரச்சினை. 2008 செப்டம்பர் 24 அன்று ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், பொருளாதார நெருக்கடிக்காக வாஷிங்டன் விரைவதாகச் சொல்லி லெட்டர்மேன் நிகழ்ச்சியை ரத்து செய்தார். ஆனால் அதே நேரத்தில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் கேட்டி கூரிக்கின் பேட்டிக்காக மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார். லெட்டர்மேனும் அதே சி.பி.எஸ்.! சேனலுக்குள் மட்டும் ஓடிய அந்தக் காட்சியை எடுத்துத் தன் நிகழ்ச்சியிலேயே போட்டுக் காட்டினார். பிறகு மூன்று வாரம் விடாமல் வறுத்தெடுத்தார். அக்டோபர் 16 அன்று மெக்கெய்ன் நேரில் வந்து, நான் சொதப்பிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டபிறகுதான் கொஞ்சம் தணிந்தது.

வாயைத் திறப்பதற்கு முன்

குறை சொல்வதில் கவனம் வேண்டும். 2009இல் நடிகை கேதரின் ஹைகல், தன் தொலைக்காட்சித் தொடரில் 17 மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று லெட்டர்மேனிடம் பொரிந்தார். புகார் நியாயமானதுதான், யாரும் அத்தனை நேரம் வேலை பார்க்கக் கூடாது. ஆனால் அந்தச் சோபாவிலிருந்து வந்ததால் கோடீஸ்வரியின் சிணுங்கலாகவே கேட்டது, 'உடன் வேலை செய்யக் கஷ்டமானவர்' என்ற பெயர் பல வருடம் அவரை விடவில்லை. மணிக்கூலிக்கு அதே 17 மணி நேரம் நின்ற லைட்மேனையும் மேக்கப் பெண்ணையும் முன்னால் நிறுத்திப் பேசியிருந்தால் கதையே வேறு.

கெட்ட வார்த்தைகளும் அப்படித்தான். பாடகி மடோனா 1994இல் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பத்து முறைக்கு மேல் உதிர்த்ததில் ஒலிபரப்பில் மிஞ்சியது பீப் சத்தம் மட்டும். மேடைக்குப் போகுமுன் காத்திருக்கும் கிரீன் ரூமில் கிடைக்கும் மதுவை மேடை பயத்துக்கு மருந்தாக எடுத்துக்கொள்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தொகுப்பாளரோடு இருக்கும் பழைய நட்பை வைத்து அரங்கத்துக்குப் புரியாத உள்வட்டச் சிரிப்புகளில் மூழ்குவதும் வேண்டாம். உடையை உட்கார்ந்த நிலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாருங்கள். நிற்கும்போது பிரமாதமாக இருந்தது தாழ்ந்த சோபாவில் உங்களை முழுநேரமும் இழுத்துவிட வைக்கும். அரங்குகள் குளிராகவும் இருக்கும். லெட்டர்மேன் தன் நிகழ்ச்சி நடந்த எட் சல்லிவன் தியேட்டரை விறைக்கும் அளவுக்குக் குளிர வைத்திருந்தது பிரசித்தம்.

உங்கள் பகுதி முடிந்தபின் அடுத்த விருந்தினர் வந்தபிறகும் நீங்கள் சோபாவிலேயே இருக்க வேண்டிய நிகழ்ச்சிகளில், அவர் பேசும்போது உண்மையாகவே கேளுங்கள். கேமரா உங்கள் பக்கம் திரும்பாது என்று நம்பி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நடிகர்கள் எத்தனையோ பதிவுகளில் அப்படியே உறைந்துபோயிருக்கிறார்கள். இசைக்குழு வாசிக்க ஆரம்பித்ததும் துள்ளி எழவும் வேண்டாம். சட்டையில் இன்னும் மைக் மாட்டியிருக்கிறது. ஆள் வந்து கழற்றும்வரை பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருங்கள்.