செய்முறை சரி, விளக்கம் தப்பு: அறிவியல் நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. ‘உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது’ என்று தொகுப்பாளர் முடிக்கிறார். பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் டிவியிலும் யூடியூபிலும் ஓய்வில்லாமல் ஓடும் காட்சி இது. விளக்கம் தப்பு.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மெழுகு எரியும்போது ஆக்சிஜன் மாயமாவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. பாரஃபின் மெழுகு எரிய 38 பங்கு ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; நீராவி மட்டும் குளிர்ந்து தண்ணீராகிவிடும். போதாததற்கு, ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 16க்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். ஆக, இந்த வகையில் குறையும் கன அளவு இரண்டு சதவீதம்கூட இல்லை. தண்ணீரை ஏற வைப்பது சூடு. டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே போகும் காற்று சுடரின் வெப்பத்தில் விரிந்திருக்கிறது, கொஞ்சம் விளிம்பு வழியே குமிழியாக வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உற்றுப் பார்த்தால், சுடர் எரியும்வரை தண்ணீர் சும்மா கிடக்கும்; அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஒரு வர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன் என்னவோ அதே ஒரு டம்ளர் அளவுதான்.

அறிவியல் நிகழ்ச்சிகளில் வேண்டுமென்றே பொய் சொல்பவர்களைவிட இப்படித் தடுக்கி விழுபவர்களே அதிகம். எதிர்பார்த்தது கேமரா முன் நடந்துவிடுகிறது, ஆகவே சொன்ன காரணமும் சரி என்று படப்பிடிப்புக் குழு முழுவதும் நம்பிவிடுகிறது.

இதே வகையில் இன்னும் வில்லங்கமான ஒன்று, இரண்டு பாட்டில் சோதனை. ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. மேலே விளக்கு, உள்ளே தெர்மாமீட்டர். இரண்டாவது பாட்டில் கூடுதலாகச் சூடாகும். ‘இதுதான் புவி வெப்பமாதல்’ என்பார்கள். 2010இல் அமெரிக்க இயற்பியல் கல்வி இதழ் ஒன்றில் வந்த கட்டுரை இதைப் பிரித்துப் போட்டது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் அது மேலே உள்ள காற்றோடு எளிதில் கலக்காமல் அடியிலேயே தங்கி, வெப்பத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. புவியைச் சூடாக்குவதோ கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பக் கதிரை, உறிஞ்சுவது. அதை உறிஞ்சவே உறிஞ்சாத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் பாட்டில் அதேபோலச் சூடாகிறது, ஏனென்றால் ஆர்கானும் கனம்தான். புவி வெப்பமாதல் உண்மை. இந்தப் பாட்டில் அதற்குச் சாட்சி இல்லை. உண்மையைத் தவறான சாட்சியோடு கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்.

இதற்கு மாற்று உண்டு. 2008இல் பிபிசி தொடர் ஒன்றில் நிலவியலாளர் இயன் ஸ்டூவர்ட் ஒரு நீளக் குழாயின் கோடியில் மெழுகுவர்த்தியை வைத்து, அகச்சிவப்புக் கேமரா வழியாகக் காட்டினார். குழாயில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, கேமராவில் சுடர் மறைந்துபோகிறது. நேர்மையான செய்முறை. ஆனால் போனில் செருகும் மலிவு விலை வெப்பக் கேமராவை வைத்து இதை முயல வேண்டாம். அவை பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை. கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சுவது 4.3 மைக்ரோமீட்டரிலும் 15ஐ ஒட்டியும். சுடர் மறையாது, நீங்கள்தான் விழிப்பீர்கள்.

மூன்றாவது உதாரணம் கென்யாவின் நன்யுகி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சில அடி நடந்து பாத்திரத்துத் தண்ணீரை ஓட்டை வழியே வடியவிட்டால் ஒரு பக்கமாகச் சுழலும், தெற்கே போனால் மறுபக்கமாகச் சுழலும், பூமியின் சுழற்சிதான் காரணம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவார்கள். 1992இல் மைக்கேல் பேலினின் பிபிசி பயணத் தொடர் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. பூமி ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள் ஆகிறது, பாத்திரம் ஒரு நிமிடத்தில் காலி. அங்கே சுழலைத் தீர்மானிப்பது தண்ணீரை ஊற்றிய விதமும் பாத்திரத்தைத் திருப்பிய கையும். பூமிச் சுழற்சியின் உண்மையான விளைவைப் பார்க்க 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஷர் ஷாபிரோ கிட்டத்தட்ட 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டுவைத்து, நடுவில் இருந்த சிறு துளையைத் திறக்க வேண்டியிருந்தது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. படம் எடுக்கும் முன், நீங்கள் சொல்லப்போகும் காரணத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் அதே முடிவு வந்தால் காரணம் வேறு. கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கை தானாக நிற்பதாக நம் ஊர்ச் செய்திகளில் காட்டுகிறார்களே, அந்தச் சேனலில் ஒருவராவது மறுநாள் காலை அதே உலக்கையை நிறுத்திப் பார்த்திருந்தால் போதும். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும்.

தெரிந்தவர்களே சறுக்கும் இடம், ஒரு வரியில் பிரமிக்க வைக்கும் ஆசை. 2011 டிசம்பரில் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் பிபிசி நிகழ்ச்சியில் ஒரு வைரத்தைக் கையில் தேய்த்துச் சூடாக்கினார். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றல் மட்டத்தில் இருக்க முடியாது, ஆகவே இதன் எலக்ட்ரான்கள் மாறினால் பிரபஞ்சத்தின் எல்லா எலக்ட்ரான்களும் அக்கணமே தங்கள் ஆற்றலைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். அமெரிக்க இயற்பியலாளர் ஷான் கரோல் உட்படப் பலர் மறுத்தார்கள். காக்ஸ் தன் தரப்பை விடவில்லை. அவர் சொன்ன விதிக்கு அடிப்படை பௌலியின் தத்துவம். அது தடுப்பது இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் (இடமும் ஆற்றலும் எல்லாம் சேர்ந்தது) இருப்பதை, ஒரே ஆற்றலில் இருப்பதை அல்ல. எங்கோ ஒரு நட்சத்திரத்து ஹைட்ரஜனின் எலக்ட்ரானும் இங்கே உள்ளதும் ஒரே ஆற்றலில் தாராளமாக இருக்கலாம், இருக்கும் இடம் வேறு என்பதால். ‘நிலை’ என்ற சொல்லுக்குப் பதில் ‘ஆற்றல் மட்டம்’ வந்து உட்கார்ந்ததில் ‘எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தது’ என்று ஆன்மிகச் சொற்பொழிவு நடத்துபவர்களுக்கு இயற்பியல் முத்திரை கிடைத்துவிடுகிறது.

இயற்கைப் படங்களில் சிக்கல் வேறு மாதிரி. டிஸ்னியின் 1958 ஆவணப்படம் ஒன்றில் லெமிங் எலிகள் கூட்டமாகக் கடலில் விழுந்து மடியும் காட்சி வரும். எடுத்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா, அங்கே கடலே கிடையாது. விலைக்கு வாங்கிவந்த எலிகளைப் பாறை விளிம்புக்கு விரட்டியதைக் கனடா நாட்டுத் தொலைக்காட்சி 1980களில் வெளிக்கொண்டுவந்தது. படத்துக்கு அதற்கு முன்பே ஆஸ்கர் கிடைத்துவிட்டது. லெமிங் தற்கொலைக் கதை இன்றும் உலவுகிறது. இதோடு 2011இல் பிபிசி காட்டிய பனிக்கரடிக் குட்டிகளை ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அவை நெதர்லாந்து விலங்குக் காட்சிசாலையில் எடுக்கப்பட்டவை. காட்டில் குகைக்குள் கேமராவை நுழைத்தால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து என்பது உண்மைதான். தவறு படம்பிடித்த இடத்தில் இல்லை. எப்படி எடுத்தார்கள் என்பது இணையதளத்தில் இருந்தது, வர்ணனையில் இல்லை. ‘காட்சிசாலையில் அமைத்த குகையில்’ என்ற மூன்று சொற்கள் அந்த ஷாட்டிலேயே வந்திருந்தால் சர்ச்சையே இல்லை.

கடைசியில் ஓடும் பொடி எழுத்து எதையும் காப்பாற்றாது. 2012இல் அனிமல் பிளானட் கடற்கன்னி பற்றிய கற்பனையை ஆவணப்பட பாணியில் ஒளிபரப்பியபின், அப்படி எதற்கும் ஆதாரமில்லை என்று அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பே அறிக்கை விட நேர்ந்தது. அடுத்த ஆண்டு டிஸ்கவரி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த மெகலடான் சுறா இன்னும் உயிரோடு இருப்பதுபோல நடிகர்களை விஞ்ஞானிகளாக்கிக் காட்டியது.

உடல்நலக் குறிப்புகளில் விலை இன்னும் அதிகம். 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வந்த ஆய்வு, அமெரிக்க டிவியின் டாக்டர் ஆஸ் நிகழ்ச்சியின் 40 பகுதிகளை எடுத்து அதன் பரிந்துரைகளைச் சோதித்தது. ஆதாரம் இருந்தது 46 சதவீதத்துக்கு. 15 சதவீதத்துக்கு ஆதாரம் எதிராகவே இருந்தது. மீதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே நிகழ்ச்சியில் எடை குறைப்புக்குப் புகழப்பட்ட பச்சைக் காபிக்கொட்டைச் சாற்றின் பின்னால் இருந்தது வெறும் 16 பேரை வைத்து இந்தியாவில் நடத்திய ஆய்வு. அதையும் 2014இல் திரும்பப் பெற்றார்கள். ‘ஆய்வில் நிரூபணம்’ என்று எழுதும் முன் எத்தனை பேர், எத்தனை நாள், பணம் கொடுத்தது யார், கட்டுரை இன்னும் இதழில் நிற்கிறதா என்ற நான்கையும் பாருங்கள்.

தமிழில் டப்பிங் செய்பவர்களுக்குத் தனிப் பட்டியலே உண்டு. ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்’ என்று எழுதாதீர்கள். ஒளியாண்டு தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ. மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. சுழிகள் விடுபட்டால் டைனோசர் மனிதனோடு நடக்கும். வெப்பநிலை 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்தது என்றால் 32ஐக் கழிக்கக் கூடாது. உயர்வை 1.8ஆல் வகுத்தால் போதும், 1.5 டிகிரி செல்சியஸ். கழித்து மாற்றினால் மைனஸ் 16 வரும், புவி உறைந்துவிடும். குரல் பதிவுக்கு முன் ஒருவர் மூலப்படத்தை ஓடவிட்டு எண்களையும் அலகுகளையும் மட்டும் எழுதிக்கொண்டு, தமிழ்ப் பிரதியோடு ஒப்பிட்டுவிட வேண்டும். மொழி நடையையும் அவரே அந்த நேரத்தில் திருத்தினால் எண்கள் கண்ணில் படாது.