‘போன வருஷம் மாதிரியே போட்டுருங்க’: வரி ரிட்டர்னில் அப்படியே இழுத்து வரக் கூடாதவை

ஜூலை பிறந்தால் போதும், ராமநாதபுரம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்று எங்கு போனாலும் புதிதாகப் பிறருக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கக் கிளம்பிய பிள்ளைகளைப் பார்க்கலாம். சாஃப்ட்வேரைத் திறந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, போன வருட விவரங்களை இந்த வருடத்துக்கு இழுத்து வரும் பொத்தானை அமுக்குவது. பெயர், பேன் எண், பிறந்த தேதி எல்லாம் நொடியில் வந்துவிடும். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் போன வருடம் உண்மையாக இருந்து இந்த வருடம் பொய்யாகிப்போன விவரமும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது, அதை எந்தச் சாஃப்ட்வேரும் சிவப்பில் காட்டுவதில்லை. பெட்டி நிரம்பியிருந்தால் அதற்குப் போதும்.

பேன் எண்ணில் ஓர் எழுத்து மாறுவது, வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை வருமான வரித் துறையின் போர்ட்டலே பிடித்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசிப்பு நிலையைத் தொடாமல் விடுவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் நம் கடற்கரையில் இந்தத் தவறு நடக்காத தெரு இருக்காது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், இருக்கிற ஊர்கள் இவை. வெளிநாட்டில் இருந்தவரை ‘நான்-ரெசிடென்ட்’ (வரிக் கணக்கில் இந்தியாவில் வசிக்காதவர்) என்று ரிட்டர்ன் போட்டிருப்பார்கள். அவர் கேன்சலில், அதாவது விசாவை ரத்து செய்து ஒரேயடியாக, ஊர் வந்து, வாடகையும் வங்கி வட்டியுமாக வாழத் தொடங்கிய பிறகும் அந்தப் பெட்டியில் அதே பதில் இருக்கும். “தம்பி, போன வருஷம் மாதிரியே போட்டுருங்க” என்று அவரும் சொல்வார், போடுகிறவரும் அப்படியே போட்டுவிடுவார்.

இதனால் என்ன ஆகும்? 2023 மே மாதம் துபாயிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்த ஒரு காக்காவுக்கு (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்) 2023-24இல் வரிக்குரிய வருமானம் 6 லட்சம், எல்லாம் உள்ளூர் வாடகையும் வட்டியும். அந்த வருடப் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை முழுத் தள்ளுபடி உண்டு, ஆனால் அந்தத் தள்ளுபடி ரெசிடென்டுக்கு மட்டும்தான். பழைய நிலை அப்படியே வந்ததால் 15,000 வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 15,600 ரூபாய் கட்டியிருந்தார். சரியான நிலையில் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூட வராது. என்னிடம் காகிதத்தைக் கொண்டு வந்தபோது திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போடக்கூடிய அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க வழியே கிடையாது. அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை.

இன்னொருவர் கதை இதைவிடப் பயங்கரம். அவர் 2021 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். முதல் வருடம் யாரோ சரியாகவே ‘ரெசிடென்ட், ஆனால் நாட் ஆர்டினரிலி’ என்று, நான்-ரெசிடென்டுக்கும் முழு ரெசிடென்டுக்கும் இடைப்பட்ட நிலையைப் போட்டிருந்தார்கள். இரண்டாம் வருடமும் அதுவே சரி. மூன்றாம் வருடமும் அதுவே இழுபட்டு வந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டார். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் நான்-ரெசிடென்டாக இருந்திருந்தால், அல்லது முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் இருந்த நாள் 729ஐத் தாண்டாமல் இருந்தால்தான் இந்த இடைநிலை கிடைக்கும். மூன்றாம் வருடம் வரும்போது முதல் கணக்கு 8ஆகக் குறைந்துவிடும். ஊரில் இருந்த நாள்களோடு பழைய லீவு நாள்களையும் கூட்டினால் இரண்டாவது கணக்கும் உடைந்துவிடும். அதன் பிறகு அவர் முழு ரெசிடென்ட். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும், வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையையும் நிரப்ப வேண்டும். வேலை முடிந்தபோது இவருக்குக் கிடைத்த செட்டில்மென்ட் பணம் அங்குள்ள வங்கியில்தான் கிடந்தது. வெளிநாட்டு வங்கி விவரங்கள் நாடுகளுக்கிடையே பரிமாறப்படுகின்றன என்பது இவருக்குத் தெரியாது. 2024 நவம்பரில் வருமான வரித் துறை இப்படிப்பட்டவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பியபோது பதறியடித்து வந்தார். டிசம்பருக்குள் திருத்திப் போட்டோம். விட்டிருந்தால்? 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் அந்த அட்டவணையை விட்டதற்கு மட்டும் அபராதம் 10 லட்சம். நிலம், வீடு தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் இருபது வருட உழைப்பின் செட்டில்மென்ட்டும் சேமிப்பும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

அதனால் வெளிநாட்டுத் தொடர்புள்ள யார் வந்தாலும் அந்தப் பெட்டியை முதலில் காலி செய்யுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்த நாள்களை எண்ணுங்கள். வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணிவிடுவது பாதுகாப்பு. 182 நாள் இருந்தால் ரெசிடென்ட், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, 60 நாள் விதி. அந்த வருடம் 60 நாளும் முந்தைய 4 வருடத்தில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான். லீவில் வருகிற இந்தியருக்கு இதில் 60 நாளுக்குப் பதில் 182 நாள் என்ற சலுகை உண்டு (அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை 120 நாளாகச் சுருங்கும்). கேன்சலில் வந்தவருக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியாது. எனவே “லீவில் வந்தீர்களா, கேன்சலில் வந்தீர்களா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்புறம் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கி டெபாசிட்டையும் பாருங்கள். ஒரேயடியாக ஊர் திரும்பியவர் அதைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அதற்குப் பிறகான வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. சாஃப்ட்வேர் மட்டும் அதை விலக்குள்ள வருமானப் பக்கத்திலேயே வைத்திருக்கும்.

படகின் தேய்மானம்

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்களின் கணக்கில் வருவது இது. மர உடல் கொண்ட மீன்பிடிப் படகுக்குத் தேய்மானம், அதாவது மதிப்பில் வருடா வருடம் செலவாகக் கழித்துக்கொள்ளும் பங்கு, 20 சதவீதம். ஒருவர் இரண்டு வருடம் கணக்குப் புத்தகம் இல்லாமல் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் உத்தேச லாபம் காட்டிவிட்டு மூன்றாம் வருடம் புத்தகத்துக்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். சாஃப்ட்வேர் கடைசியாகத் தனக்குத் தெரிந்த 10 லட்சத்தையே தொடக்க மதிப்பாகக் கொண்டுவரும். ஆனால் 44ஏடி வருடங்களிலும் தேய்மானம் கழிந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 10 லட்சம் 8 லட்சமாகி, பிறகு 6.4 லட்சமாகியிருக்கும். 2 லட்சம் தேய்மானம் கேட்டால் தப்பு, 1.28 லட்சம்தான். போன வருட ரிட்டர்னைப் பின்னால் திருத்தியிருந்தாலும் இதே சிக்கல் வரும், இழுத்து வந்தது திருத்துவதற்கு முந்தைய எண்ணாக இருக்கலாம்.

பழைய நஷ்டம்

நஷ்ட வருடத்து ரிட்டர்ன் கெடுவுக்குள் போகவில்லையென்றால் அந்தத் தொழில் நஷ்டத்தை இழுத்து வராதீர்கள்.

வரி முறை

2023-24 முதல் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். தொழில் வருமானம் உள்ளவருக்குப் பழைய முறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ படிவம் கெடுவுக்குள் போயிருக்கிறதா என்று போர்ட்டலில் பாருங்கள், சாஃப்ட்வேரில் இருக்கும் டிக்கை நம்பாதீர்கள்.

வங்கிக் கணக்கு

என்ஆர்இ கணக்கை மூடியவருக்கு ரீஃபண்ட் அங்கே போகாது.

மொபைல் எண்

பிரவுசிங் சென்டரில் முதல் ரிட்டர்ன் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கடைக்காரரின் எண்ணும் மின்னஞ்சலும்தான் பதிவாகியிருக்கும், அதுவே வருடா வருடம் இழுபட்டு வரும். ஓடிபி மட்டுமல்ல, நோட்டீஸும் அங்கேதான் போகும், அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் நோட்டீஸ் வந்ததே யாருக்கும் தெரியாது. ரிட்டர்னில் மாற்றினால் மட்டும் போதாது, போர்ட்டலின் புரொஃபைலிலும் மாற்றுங்கள், வாடிக்கையாளரின் கையில் இருக்கும் போனுக்கு ஓடிபி வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.